சுத்தாத ரிவோல்வரும் இரண்டு கேள்விகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணை முடிவில் ஒன்பதாம் தரப் பிள்ளைகளை நாங்கள் ஒரு நூதனசாலைக்குக் கூட்டிப் போயிருந்தோம். வாள்கள், நாணயங்கள், பழைய தராசுகள் எல்லாம் பார்த்து முடித்து ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். உள்ளே வெள்ளைக்காரர் காலத்து ரிவோல்வர் ஒன்று. கறள் பிடித்து, கறுத்து, ஒரு பக்கம் பச்சை படிந்து கிடந்தது. அங்கிருந்த பொறுப்பாளர், "இதன் உருளை இப்போது சுத்தாது, இறுகிவிட்டது" என்றார்.

உடனே ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், கொஞ்சம் தேங்காண்ணெய் விட்டா சுத்தாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் பதில் தெரியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்றம் மகன்" என்று மட்டும் சொல்லி வைத்தோம்.

இரண்டு நாள் கழித்து பாடசாலை வாசலில் ஒரு பிள்ளையின் வாப்பா எங்களை நிறுத்தினார். கோபம் இல்லை, கவலைதான். "சேர், நாங்க பட்டது போதாதா? புள்ளைகளுக்கு ஏன் துவக்கப் பத்திக் காட்டுறீங்க?" என்று கேட்டார். அதற்கும் எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். தேடத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது, தேங்காண்ணெய்க் கேள்வி சிரிக்க வேண்டிய கேள்வியே அல்ல. ரிவோல்வரின் வரலாற்றில் பெரும் பகுதி அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

*

முதலில் அந்தப் பொருளை விளங்கிக்கொள்வோம்.

ரிவோல்வர் என்றால் சுழல்வது. ஒரு உருளை, அதற்குள் ஐந்து, ஆறு அல்லது ஏழு அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு வெடிக்கான மருந்தும் சன்னமும். மேலே உள்ள சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால், உள்ளே இருக்கும் கை போன்ற சிறிய இரும்புத் துண்டு ஒன்று உருளையின் பின்பக்கப் பல்லைத் தள்ளும். உருளை ஒரு அறை அளவு சுழலும். அடுத்த அறை குழலுக்கு நேரே வந்ததும் இன்னொரு துண்டு கீழிருந்து எழும்பி, உருளை அசையாமல் பூட்டிவிடும். விசையை அழுத்தினால் சுத்தியல் விழும்.

இந்த அமைப்பைப் பெருமளவில் செய்து விற்கக்கூடிய பொருளாக்கியவர் அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட். 1835இல் இங்கிலாந்திலும் 1836இல் அமெரிக்காவிலும் அதற்கு உரிமம் எடுத்தார். நியூ ஜேர்சியில் உள்ள பற்றர்சன் என்ற ஊரில் அவர் தொடங்கிய முதல் தொழிற்சாலை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. 1847இல் மெக்சிக்கோ யுத்த காலத்தில், கப்டன் சாமுவேல் வோக்கர் என்ற இராணுவ அதிகாரியின் யோசனையோடு புதிய மாதிரி ஒன்றைச் செய்தார். அது கிட்டத்தட்ட 2 கிலோ நிறை. அதன் பிறகு கோல்ட்டின் வியாபாரம் விழவே இல்லை. 1851இல் லண்டன் பெரும் கண்காட்சியில் தன் ரிவோல்வர்களை அடுக்கி வைத்தார். 1853இல் லண்டனிலேயே தேம்ஸ் கரையில் ஒரு தொழிற்சாலையும் திறந்தார்.

சரி, இது ஏன் இறுகுகிறது?

உருளை சுழல வேண்டுமென்றால் அதற்கும் குழலுக்கும் இடையில் ஒரு இடைவெளி வேண்டும். கடதாசி அளவு மெல்லிய இடைவெளிதான். ஆனால் ஒவ்வொரு வெடியிலும் சூடான புகையின் ஒரு பகுதி அந்த இடைவெளி வழியாகப் பீறிடும். பீறிட்டு, உருளையின் முகத்திலும், உருளை சுழலும் நடு அச்சிலும் போய்ப் படியும். அதாவது எந்த இடம் சுழல வேண்டுமோ அந்த இடத்திலேயே அழுக்கு வந்து உட்காரும். ரிவோல்வரோடு கூடவே பிறந்த நோய் இது.

*

அந்தக் காலத்து மருந்து நாம் அறிந்த கறுப்பு வெடிமருந்துதான். நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். நெருப்பு வைத்தால் எல்லாம் புகையாகப் போய்விடும் என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். உண்மை வேறு. 1870களில் இங்கிலாந்தில் அன்ட்ரூ நோபிள், பிரெடெரிக் ஏபல் என்ற இருவர் மூடிய இரும்புப் பாத்திரத்துக்குள் மருந்தை வெடிக்க வைத்து, மிஞ்சியதை நிறுத்துப் பார்த்தார்கள். நிறையில் பாதிக்கும் மேல் திண்மமாகவே மிஞ்சியது. பொற்றாசியம் காபனேற்று, பொற்றாசியம் சல்பேற்று, பொற்றாசியம் சல்பைட்டு போன்ற உப்புகள்.

விஞ்ஞான ஆசிரியர்கள் இதை நன்றாக விளங்கிக்கொள்வார்கள். இந்த உப்புகளில் சில காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமான நாளில் அழுக்கு சேறு போல இளகும். வரண்ட நாளில் ஓடு போல இறுகும். சில தடவை சுட்டதும் உருளை கனக்கத் தொடங்கும். இன்னும் சுட்டால் இரண்டு கையாலும் திருப்ப வேண்டிவரும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அன்றைய ரிவோல்வரில் ஒவ்வொரு அறைக்கும் பின்னால் ஒரு சிறு குழாய் முனை, அதன் மேல் தொப்பி போல ஒரு சிறிய செப்புக் கெப். கெப்புக்குள் அடித்தால் பற்றும் மருந்து. சுட்டதும் செப்பு கிழிந்து, அதன் துண்டுகள் உருளைக்குப் பின்னாலோ சுத்தியலின் அடியிலோ விழுந்து பொறியைத் தடுக்கும். அழுக்கு இல்லாத ரிவோல்வரும் இப்படித் திடீரென நின்றுவிடும்.

இதற்குச் செய்தவர்கள் என்ன மருந்து கண்டார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கோல்ட் தன் ரிவோல்வரின் நடு அச்சை மொத்தமாகச் செய்து, அதைச் சுற்றித் திருகாணியில் இருப்பதுபோல பள்ளம் வெட்டினார். கிறீஸ் அந்தப் பள்ளத்தில் தங்கும். அழுக்கு வந்தாலும் கிறீஸோடு கலந்து இளகி நிற்கும். அதோடு குழலை ஒரே ஒரு ஆப்பினால் பொருத்தியிருந்தார். ஆப்பைத் தட்டி எடுத்தால் குழலும் உருளையும் கையோடு வந்துவிடும், கழுவலாம்.

அவருக்குப் போட்டியாக வந்தது ரெமிங்டன் கம்பனியின் ரிவோல்வர். 1858ஆம் ஆண்டு உரிமத்தின்படி செய்யப்பட்டது. உருளைக்கு மேலேயும் இரும்புப் பட்டை ஓடுவதால் அதன் உடல் கோல்ட்டைவிட உறுதியானது. ஆனால் உருளை சுழலும் ஊசி மெல்லியது, கிறீஸ் தங்கும் பள்ளமும் இல்லை. அதனால் அழுக்கில் அது விரைவாக இறுகியது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வட அரசாங்கம் இரண்டு வகையிலும் தலா ஒரு இலட்சத்துக்கும் அதிகமாக வாங்கியது. உடல் உறுதியில் ரெமிங்டன், அழுக்கைத் தாங்குவதில் கோல்ட். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

கழுவும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். சுடுதண்ணீரும் சவர்க்காரமும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கழுவி, நன்றாகச் சூட்டில் உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய். இந்த ஒழுங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முதலில், எண்ணெய் கடைசியில். பின்னால் இது தேவைப்படும்.

*

கிறீஸ் என்று சொன்னோம். இந்த இடத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரலாறு குறுக்கே வருகிறது.

1857ஆம் ஆண்டு இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்ததைப் படிப்பிக்கும்போது, ரவையில் பூசிய பசு, பன்றிக் கொழுப்புப் பற்றிச் சொல்லாத ஆசிரியர் இல்லை. ஆனால் ரவைக்குக் கொழுப்பு ஏன் பூசினார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, பிள்ளைகளுக்குச் சொன்னதுமில்லை.

காரணம் இதே அழுக்குத்தான். அன்று புதிதாக வந்த என்பீல்ட் துவக்கு வாய்ப்பக்கத்தால் மருந்து போடும் துவக்கு. சில தடவை சுட்டதும் குழலுக்குள் உப்பு அழுக்குப் படிந்து, அடுத்த சன்னம் கீழே இறங்க மறுக்கும். அதை இளக வைக்கத்தான் ரவைக் கடதாசியில் கொழுப்புப் பூசினார்கள். சிப்பாய் அந்தக் கடதாசியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். ரிவோல்வர் வைத்திருந்தவர்களும் ஒவ்வொரு அறையின் வாயிலும் கொழுப்போ மெழுகோ பூசுவார்கள். அழுக்கை இளக்கவும், ஒரு அறை வெடிக்கும்போது பக்கத்து அறை பற்றிக்கொள்ளாமல் இருக்கவும்.

1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகில் உள்ள டம்டம்மில் கொழுப்புப் பற்றிய பேச்சுக் கிளம்பியது. சிப்பாய்கள் தங்களுக்கு ஏற்ற மெழுகையும் எண்ணெயையும் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று அதே மாதத்தில் உத்தரவும் வந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை. மீரட்டில் 85 குதிரைப்படைச் சிப்பாய்கள் ரவையைத் தொட மறுத்தார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் அவர்களில் இருந்தார்கள். மே 9ஆம் திகதி எல்லோர் முன்னிலையிலும் அவர்களுக்கு விலங்கிட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் மீரட் எழுந்தது.

அந்த எழுச்சிக்கு நிலம், சம்பளம், அரசுகளைப் பறித்தது என்று வேறு பல காரணங்கள் உண்டு. கொழுப்பு மட்டுமே காரணம் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. ஆனாலும் இதை யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் இருந்தவர்களுக்கு அது இறுக்கத்தைத் தீர்க்கும் ஒரு பொருள் மட்டுமே. அதை வாயில் வைக்கப் போகிறவன் யார் என்பது அவர்களின் கணக்கில் இருக்கவில்லை.

*

இனித் தேங்காண்ணெய்க்கு வருவோம்.

எங்களில் ஒருவரின் வாப்பா தையல்காரர். வீட்டில் அவசரத்துக்கு யாராவது தையல் மெசினுக்குத் தேங்காண்ணெய் விட்டால் அவருக்குக் கோபம் வரும். "இன்டைக்கு ஓடும், நாளைக்கு ஒட்டும்" என்பார். பிறகு மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து அசைத்து, மணித்தியாலக் கணக்கில் இருந்து அதை எடுப்பார். ஒருநாளும் பலம் போட்டுத் திருப்பியதில்லை.

அவர் சொன்னது 19ஆம் நூற்றாண்டின் துவக்குச் செய்வோருக்கும் தெரிந்திருந்தது. தாவர எண்ணெயும் மிருகக் கொழுப்பும் காற்றுப் பட்டுப் பட்டு நாளடைவில் பிசின் போலாகும். அதனால்தான் மணிக்கூடு செய்வோரும் துவக்குச் செய்வோரும் திமிங்கில எண்ணெயைத் தேடினார்கள். அது எளிதில் பிசினாகாது. அதற்காகக் கடலில் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் கணக்கில்லை.

பிறகு மண்ணுக்கடியில் இருந்து எண்ணெய் வந்தது. பிரித்தானிய இராணுவம் துவக்குகளுக்குப் பயன்படுத்திய எண்ணெய்க்கு ரங்கூன் எண்ணெய் என்றே பெயர். பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளில், ஆட்கள் கையால் தோண்டிய கிணறுகளில் இருந்து எடுத்த எண்ணெயில்தான் அந்தப் பெயர் தொடங்கியது. நம் பாட்டன்மார் அரிசிக்கும் தேக்கு மரத்துக்கும் பேர் சொன்ன அதே ரங்கூன்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு பாதிப் பதில் இங்கே கிடைத்துவிட்டது. தேங்காண்ணெய் விட்டால் அன்றைக்குக் கொஞ்சம் அசையலாம். பிறகு முன்னையதைவிட மோசமாக ஒட்டும். ஆனால் முழுப் பதில் இன்னும் வேறிடத்தில் இருக்கிறது.

*

1884இல் பிரான்சில் போல் வியேல் என்ற இரசாயன விஞ்ஞானி புகையற்ற வெடிமருந்து ஒன்றைச் செய்தார். சில ஆண்டுகளில் மற்ற நாடுகளும் தங்கள் தங்கள் புகையற்ற மருந்துக்கு மாறின. இங்கிலாந்தின் மருந்துக்குக் கோர்டைட் என்று பெயர். 1887இல் பிரித்தானிய இராணுவம் ஏற்றுக்கொண்ட வெப்லி ரிவோல்வர் கறுப்பு மருந்துக் காலத்தில் பிறந்து, கோர்டைட் காலத்துக்குள் வந்து, இரண்டு உலக யுத்தங்களையும் கண்டது. நடுவில் மடங்கித் திறந்து, வெற்று ரவைகளைத் தானே வெளியே தள்ளும் ரிவோல்வர் அது.

புது மருந்து கிட்டத்தட்ட எதையும் மிச்சம் வைக்கவில்லை. குழலுக்குள் பார்த்தால் பளபளவென்று இருந்தது. இனிச் சுடுதண்ணீர் எதற்கு? எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும் என்று பலர் நினைத்தார்கள்.

சில நாளில் அந்தப் பளபளத்த இரும்பு கறள் பிடித்தது. எண்ணெய் பூசியிருந்தும் பிடித்தது. மறுபடி துடைத்தார்கள், மறுபடி பிடித்தது. துடைக்கத் துடைக்க இரும்பு பள்ளம் பள்ளமாகப் போனது. புது மருந்தில் இருக்கும் அமிலம்தான் இரும்பைத் தின்கிறது என்று பலர் நம்பினார்கள்.

விடை 1922இல்தான் தெளிவாக வந்தது. அமெரிக்க அரசின் சுரங்கப் பணியகத்தில் வேலை செய்த வில்பர்ட் ஹஃப் என்ற இரசாயன விஞ்ஞானி, எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் நடக்கும் கறள் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். குற்றவாளி பெரிய மருந்து அல்ல, அதைப் பற்ற வைக்கும் சின்ன மருந்து. ரவையின் பின்னால் உள்ள கெப்பில் பொற்றாசியம் குளோரேற்று சேர்ப்பார்கள். அது வெடித்து ஒட்சிசனைக் கொடுத்ததும் பொற்றாசியம் குளோரைட்டாக மாறும். நாம் கறிக்குப் போடும் உப்புக்கு உடன்பிறப்பு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படையாக இரும்பில் ஒட்டும்.

காற்றின் ஈரம் குறைவாக இருந்தால் அது பேசாமல் கிடக்கும். ஈரப்பதன் ஏறத்தாழ 85 வீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். பிறகு கறள்தான். நம் கரையோர ஊர்களில் மழைக்காலத்து இரவுகளில் குசினி உப்புப் போத்தல் எப்படிக் கசிகிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எண்ணெய் ஏன் காக்கவில்லை? உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் அதை மூடி வைத்ததே தவிர அகற்றவில்லை. ஈரம் மெதுவாக எண்ணெய்ப் படலத்தைத் தாண்டிப் போய் உப்பைச் சேர்ந்தது.

இதில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். பழைய அசிங்கமான கறுப்பு மருந்துக் காலத்தில் இந்தக் கறள் இவ்வளவு புதிராக இருக்கவில்லை. அழுக்குக் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் தண்ணீரால் கழுவினார்கள். கழுவும்போது இந்த உப்பும் அவர்கள் அறியாமலே சேர்ந்து போனது. அழுக்கு கண்ணில் இருந்து மறைந்ததும் கழுவுவதை விட்டார்கள். அப்போதுதான் இரும்பு அழியத் தொடங்கியது.

விடை தெரிந்த பிறகும் வழி பழைய வழிதான், சுடுதண்ணீர். பிரித்தானியப் படையினர் தங்கள் துவக்குக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றுவதற்கென்றே ஒரு புனல் வைத்திருந்தார்கள். 1920களின் பிற்பகுதியில் இந்த உப்பை விடாத, ஈயம் சேர்ந்த வேறு கெப் மருந்து சந்தைக்கு வந்தது. ஆனாலும் இரண்டாம் உலக யுத்தத்தின் பெரும்பாலான இராணுவ ரவைகள் பழைய வகையே.

*

எல்லா இறுக்கமும் அழுக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

1851இல் லண்டனில் ரொபர்ட் அடம்ஸ் என்பவர் செய்த ரிவோல்வரில் சுத்தியலைத் தனியாக இழுக்க வேண்டியதில்லை. விசையை இழுத்தாலே உருளை சுழலும், சுத்தியல் எழும்பும், விழும். ஒரு விரல் மூன்று வேலை செய்கிறது, அதனால் விசை கனம். பெல்ஜியத்தின் லியோன் நகான்ட் வடிவமைத்து 1895இல் ரஷ்யா ஏற்றுக்கொண்ட ஏழு அறை ரிவோல்வர் இன்னும் கனம். அதில் உருளை சுழல்வதோடு முன்னுக்கும் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். நாம் மேலே சொன்ன அந்தக் கடதாசி இடைவெளியை மூடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. புகை பீறிடாது, ஆனால் அந்த வேலையையும் அதே விரல்தான் செய்ய வேண்டும்.

அதைப் பிடித்துப் பார்த்து, "இறுகிவிட்டது" என்று எண்ணெய்க்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் ஸ்பிரிங்கை வளைத்தாலும் பொறி கெடுமே தவிர இளகாது. அது பிறவியிலேயே அப்படி. யுத்தத்துக்குப் பின் கிறீஸில் தோய்த்துப் பல ஆண்டுகள் களஞ்சியத்தில் வைத்தவற்றில் காய்ந்த கிறீஸின் இறுக்கமும் இதோடு சேரும். அது கழுவினால் போகும், பிறவி இறுக்கம் போகாது. எது எந்த இறுக்கம் என்று தெரியாமல் கை வைப்பவன்தான் பழைய பொருளை உடைக்கிறவன். தையல் மெசின் வாப்பா பலம் போடாததன் காரணமும் அதுவே.

*

இப்போது அந்தப் பிள்ளைக்கு எங்கள் பதில்.

மகன், அந்தக் கண்ணாடிப் பெட்டி ரிவோல்வருக்குத் தேங்காண்ணெய் விடக் கூடாது. அதன் இறுக்கத்துக்கு அழுக்கும் காய்ந்த எண்ணெயும் கறளும் மூன்றுமே காரணமாக இருக்கலாம். மேலே எண்ணெய் விட்டால் அடியில் உள்ள உப்பு அங்கேயே இருக்கும். நூதனசாலையில் அதை ஓட வைப்பது நோக்கமும் அல்ல. இருக்கிற நிலையில் மேலும் அழியாமல், ஈரம் குறைந்த காற்றில் வைத்துக் காப்பதுதான் அங்கு வேலை. சுத்தாமல் இருப்பதும் அதன் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

உன்னைப் போன்ற எல்லாப் பிள்ளைகளுக்கும், பெரியவர்களுக்கும் இன்னொன்று. கிணறு வெட்டும்போதோ, வளவு துப்புரவாக்கும்போதோ, பழைய பெட்டி திறக்கும்போதோ இப்படி ஏதாவது கிடைத்தால் கையால் தொடாதீர்கள். கறள் பிடித்து இறுகியது என்பதால் அது செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பழைய ரிவோல்வர்களில் அறைக்குள் போட்ட மருந்து பல பத்தாண்டுகள் கழித்தும் பற்றக்கூடியதாக இருந்திருக்கிறது. எண்ணெய் விடுவது, சுத்தியலால் தட்டுவது, நெருப்பில் காட்டுவது எதுவும் வேண்டாம். நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் துவக்குகள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை வைத்திருப்பதும் குற்றம். விலகி நின்று 119க்கு அழையுங்கள். யாரையும் கிட்டப் போக விடாதீர்கள்.

அந்த வாப்பாவுக்கு எங்கள் பதில் இதைவிடக் கஷ்டமானது.

நானா, நீங்கள் கேட்டது நியாயம். நம் ஊரில் துவக்கு என்பது கதையில் வரும் பொருள் அல்ல. அதனால்தான் அதன் வீரத்தைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். படத்தில் பிள்ளைகள் பார்ப்பது சுடும் அந்த ஒரு நொடியை மட்டும்தான். அந்த நொடிக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்று எந்தப் படமும் காட்டுவதில்லை. ஒரு வெடி முடிந்த பிறகு அதை வெடித்த இரும்பையே அது அரிக்கத் தொடங்குகிறது. அன்றே தண்ணீரால் கழுவாவிட்டால் பளபளவென்று துடைத்து வைத்தாலும் உள்ளே தின்னும். இதை ஒரு பிள்ளை விஞ்ஞானமாகவும் வரலாறாகவும் விளங்கிக்கொண்டால், துவக்கின் மேல் உள்ள மயக்கம் கொஞ்சம் குறையும் என்று நாங்கள் நம்புகிறோம்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். நாம் பட்டதைப் பற்றிப் பேசாமல் மேலால் எண்ணெய் பூசி வைத்திருக்கிறோமோ என்று இதை எழுதும்போது எங்களுக்கே தோன்றியது. பிள்ளைகள் முன்னால் அந்த நாட்களைப் பற்றி நாமும் வாய் திறப்பதில்லை. நீங்கள் விரும்பினால் அடுத்த தவணையில் ஒருநாள் வகுப்புக்கு வாருங்கள். துவக்கைப் பற்றி அல்ல, உங்கள் காலத்தைப் பற்றி, நீங்கள் எவ்வளவு சொல்ல நினைக்கிறீர்களோ அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள். நாங்களும் பின் வாங்கில் இருந்து கேட்போம்.

பழைய தையல் மெசின், மணிக்கூடு, விளக்கு, தராசு என்று வீட்டில் இறுகிக் கிடக்கும் பொருள் உள்ளவர்கள் அதன் கதையைக் கீழே எழுதுங்கள். யார் வாங்கியது, எந்தக் கடையில், எப்போது நின்றது என்று. வரலாற்றுப் பாடத்துக்கு ஊர்ப் பொருட்கள் தேவைப்படுகின்றன. ஓடாவிட்டாலும் பரவாயில்லை. தேங்காண்ணெய் மட்டும் விடாதீர்கள்.